மெட்டு ஏறும் ஜீப்: கம்பம் பள்ளத்தாக்கின் கணக்கில் வராத வாகனத் தொழில்

போடிநாயக்கனூரிலோ கம்பத்திலோ தெருவோரம் நிற்கும் ஒரு பழைய ஜீப், வீட்டு வண்டியா மலைக்குப் போகும் வண்டியா என்று அறிய ஆர்.சி. புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. குனிந்து பின்சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தால் போதும். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிய ஸ்பிரிங் அங்கே இருக்கும். கம்பெனி வைத்த பட்டைகளோடு இன்னும் ஒன்றோ இரண்டோ கூடியிருந்தால், அந்த வண்டி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி என்று கொள்ளலாம். வண்டியை வரைந்த பொறியாளர் இத்தனை பாரத்தை எண்ணி அதை வரையவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து இங்கே ஒரு பட்டறை அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறது.

அந்தக் கூடுதல் பட்டையைத்தான் இந்தக் கட்டுரை பின்தொடர்கிறது. தேனி மாவட்டத்தில் கார் தொழிற்சாலை கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளுக்குப் போய் வேலை பார்க்கும் இளைஞர்கள் உண்டு. இங்கே கன்வேயரும் இல்லை, ரோபோவும் இல்லை. ஆனாலும் வண்டியை மலைக்கும் வேலைக்கும் ஏற்றபடி மாற்றிச் செய்து, கம்பெனி நினைத்ததைவிடப் பல ஆண்டுகள் அதிகமாக ஓட வைக்கும் ஒரு தொழில் இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. உற்பத்தி என்ற தலைப்பின்கீழ் எந்தப் புள்ளிவிவரமும் அதைச் சேர்ப்பதில்லை. அப்படி விட்டுப்போனதால் நட்டப்படுபவர் பட்டறைக்காரர் மட்டுமல்லர். அந்த ஜீப்பின் பின்பக்கம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தினமும் மலையேறும் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், அவரைவிட அதிகம் நட்டப்படுகிறார்கள்.

ஜீப்புக்கு முன்

பள்ளத்தாக்கின் மேற்கே ஏலமலை சுவர்போல எழுகிறது. கிழக்கேயும் தெற்கேயும் வருசநாட்டு மலையும் மேகமலையும். சுவரைத் தாண்டும் இடங்களை இந்தப் பக்கத்து மக்கள் மெட்டு என்கிறார்கள்: போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்குலத்துமெட்டு. மெட்டு தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை என்று வரிசையாக ஏலக்காய் நிலம். காய் மேலே விளைகிறது. அதைப் பறிக்கும் கைகளில் பெரும்பங்கு கீழேயிருந்து போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலக்காய் ஏலம் மேலேயும் நடக்கிறது, போடியிலும் நடக்கிறது. மாநில எல்லை நடுவே ஓடினாலும் பொருளாதாரம் ஒன்றுதான்.

இந்தச் சுவரில் சரக்கை ஏற்றி இறக்க வெள்ளையர் காலத்தில் பெரும் முயற்சிகள் நடந்தன. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டுக் காளைகளைப் பூட்டி இழுத்தார்கள். 1908இல் அது இரண்டடி அகல ரயில்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்தத் தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டு, போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தே திரும்பப் போடப்பட்டது. அகலப்பாதைக்காக 2010இன் இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடி வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு முழுக்கச் சரக்கின் வரலாறு. பெட்டிக்குக் கம்பிவடம் போட்டவர்கள், பெட்டியை நிரப்பிய ஆளுக்கு விட்டுவைத்தது ஒற்றையடிப் பாதையை. அரிசியையும் சட்டிபானையையும் தலையில் வைத்துக்கொண்டு குரங்கணி வழியாகவும் மெட்டுகள் வழியாகவும் ஏறியவர்கள் மாதக்கணக்கில் மேலேயே தங்கினார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது என்ற வாழ்க்கைமுறை, சாலையும் ஜீப்பும் சேர்ந்து பிறகு உண்டாக்கியது.

போர்க்களத்திலிருந்து வயல் வழியாக

1940இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வண்டி ஒன்றைக் கேட்டது. அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய நிறுவனம் முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது. வில்லிஸும் ஃபோர்டும் அதைப் பெருமளவில் செய்தன. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாகிவிட்டன. மலைக்கு அது பொருந்தியதற்குக் காரணம் அதன் பலத்தைவிட அதன் பல்சக்கரக் கணக்கு. வழக்கமான கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி. அதில் லோ போட்டால் வேகம் குறைந்து, சக்கரத்துக்குப் போகும் இழுவை மாதிரிக்கு ஏற்ப ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை மடங்காகும். சிறிய எஞ்சினும் சேற்றுச் சரிவில் அடி அடியாக ஏறிவிடும்.

மஹிந்திரா நிறுவனம் 1949இல் மும்பை மஜகாவில் வில்லிஸ் ஜீப்புகளை இறக்கிப் பூட்டத் தொடங்கியது. 1950களின் நடுவில் பாகங்களை இங்கேயே செய்யும் வேலை ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் உற்பத்தி நின்றுபோன சி.ஜே. 3பி என்ற மாதிரி, இந்தியாவில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் வேறுவேறு பெயர்களில் நீடித்தது. மலையாட்கள் அறிந்த மேஜரும் கமாண்டரும் மார்ஷலும் இந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான்.

தேனிப் பக்கத்துப் பட்டறைகளின் கதையில் ஒரு திருப்பம் இங்கே வருகிறது. பெட்ரோல் எஞ்சின் இந்தியக் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மஹிந்திரா 1963இல் டிராக்டர் தொழிலில் இறங்கியிருந்தது. அந்த டிராக்டர் வழியில் வந்த டீசல் எஞ்சின் ஜீப்பிலும் ஏறியது; பிறகு பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் டீசல் எஞ்சினும் உரிமம் பெற்று வந்தது. விளைவு பெரியது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் டிராக்டர் பழுது பார்ப்பவர் ஏற்கெனவே இருந்தார். டீசல் பம்பைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்தவர் இருந்தார். சேற்று உழவில் தேய்ந்த பல்சக்கரத்தை லேத்தில் கடைந்து சரிசெய்பவர் இருந்தார். அவர்களுக்கு ஜீப்பின் எஞ்சின் அந்நியமாகப் படவில்லை. வயல் கற்றுக்கொடுத்த வேலையை மலை பயன்படுத்திக்கொண்டது.

ஒரே மூதாதை, ஒரு சின்ன நாடு

ஜீப்புக்கு இன்னொரு வழியிலும் வாரிசு உண்டு. 1947இல் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்துப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் பழைய போர் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதாகிப் போனால் வேறு என்ன வாங்குவது என்ற யோசனையிலிருந்து லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. முதல் லேண்ட் ரோவரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். வில்லிஸ் ஜீப்பின் அளவும் அதுதான். 2008இல் லேண்ட் ரோவர் நிறுவனத்தை டாடா மோட்டார்ஸ் வாங்கியது. இன்று டிஃபெண்டர் என்ற பெயரில் விற்கும் அதன் வாரிசு, ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில் 2018இல் திறந்த ஆலையில் உருவாகிறது.

ஸ்லோவாக்கியாவை இங்கே நிறுத்தி யோசிக்கக் காரணம் உண்டு. அது 54 லட்சம் பேர் வாழும் நாடு. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 12.46 லட்சம், நான்கைந்து தேனி சேர்ந்தால் ஒரு ஸ்லோவாக்கியா. பிராத்திஸ்லாவாவில் ஃபோக்ஸ்வாகன், ஜிலினாவில் கியா, திர்னாவாவில் பெஜோ குழுமத்தின் வாரிசான ஸ்டெல்லாண்டிஸ், நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர் என்று நான்கு பெரும் ஆலைகள் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் கார்களைச் செய்கின்றன. மக்கள்தொகைக்கு இத்தனை கார் என்று கணக்குப் போட்டால் உலகில் முதலிடம் அதற்குத்தான். பெரிய அளவில் விற்கும் சொந்தக் கார் பெயர் ஒன்றுகூட அந்த நாட்டுக்கு இல்லை. வரைபடம் வெளியிலிருந்து வருகிறது, முதலும் வெளியிலிருந்து வருகிறது. நாட்டின் பங்கு, பழகிய கை.

அந்தக் கையின் மதிப்பை அந்த நாடு அறிந்திருக்கிறது. பாதி நேரம் பள்ளியில், பாதி நேரம் ஆலையில் என்று இளைஞர் தொழில் கற்கும் இரட்டைக் கல்வி முறைக்கு 2015இல் தனிச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டிலும் டாடா, ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் வாகனத் தொழில் என்றாலே வண்டி வெளியே வரும் ஆலை வாசலை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். வண்டி வாசலைத் தாண்டிய பிறகு முப்பது ஆண்டு ஓடுகிறது. அந்த முப்பது ஆண்டும் அதற்குள் போகும் உழைப்புக்கு நம் கணக்கேட்டில் பத்தி இல்லை.

பட்டறை என்ற பள்ளிக்கூடம்

பழைய ஜீப்பின் உடம்பு தனி, சேஸ் தனி. அடியில் ஏணிபோல இரண்டு நீள இரும்பும் குறுக்குச் சட்டங்களும்; அதன்மேல் போல்ட்டில் பூட்டிய தகர உடம்பு. மழையிலும் பனியிலும் தகரம் அரித்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். முழு உடம்பையும் மாற்றினாலும் வண்டி அதே வண்டி. ஒரு ஜீப் முப்பது ஆண்டு பிழைக்கும் சூட்சுமம் இதில் இருக்கிறது.

பட்டறை என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே ஆள் செய்யும் வேலை இல்லை. எஞ்சினுக்கு மெக்கானிக், தகரத்துக்கு டிங்கர், அச்சுக்கும் தண்டுக்கும் லேத், டீசல் பம்புக்குத் தனி ஆள், சீட்டுக்கும் தார்ப்பாய்க்கும் தனி ஆள், ஸ்பிரிங்குக்குத் தனி ஆள். கம்பெனியில் பல துறைகளாக இருப்பவை இங்கே ஒரே தெருவில் பல கடைகளாக இருக்கின்றன. முன்னால் பார்த்து அமரும்படி வந்த சீட்டைக் கழற்றி எதிரெதிர் பெஞ்சு போடுவதும், பின்னால் மிதிபடி நீட்டுவதும், மேலே மூட்டைக்குக் கம்பி அடிப்பதும் இந்தத் தெருவின் வேலை.

ஸ்பிரிங் கட்டும் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தளர்ந்து நேராகிப் போன பட்டையை உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் போட்டு அடித்து வளைவு ஏற்றினார்கள். மேஸ்திரி அளவுகோல் எடுக்கவில்லை. புதுப்பட்டையைப் பழைய பட்டையின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்; இரண்டுக்கும் நடுவே தெரிந்த கீற்று அவருக்குப் போதுமானதாக இருந்தது. மறுபடி ஒரு அடி, மறுபடி வெளிச்சம். மூன்றாம் முறை தலையாட்டினார். “ரெண்டும் ஒட்டிக்கிட்டா முறிஞ்சிரும் தம்பி. கொஞ்சம் விலகி இருந்து, பாரம் ஏறும்போது சேரணும்” என்றார். பொறியியல் கல்லூரியில் முன்னழுத்தம் என்று கணக்காகச் சொல்லித்தரும் விஷயத்தை அவர் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

அந்தப் பட்டறையில் பதினெட்டு வயதைத் தாண்டிய இருவர் உதவிக்கு இருந்தார்கள். சம்பளம் உண்டு, சான்றிதழ் கிடையாது. ஐந்து வருடம் கழித்து அவர்கள் இந்த வேலையில் தேர்ந்திருப்பார்கள். அதை நிரூபிக்க ஒரு காகிதம் இருக்காது. ஒரகடத்து ஆலை வாசலில் போய் நின்றால் அவர்கள் வேலை தெரியாதவர்கள்.

இந்த வேலையின் பயன் எத்தனை ஆழமானது என்பதற்குக் கொழுக்குமலை ஓர் எடுத்துக்காட்டு. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்து நிலம். ஆனால் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான்; அதிலும் கல்லும் பள்ளமுமான அந்தப் பாதையில் ஜீப் மட்டுமே போகும். தமிழ்நாட்டின் ஒரு துண்டு நிலம் உலகத்தோடு ஒட்டியிருப்பது, இப்படிப் பராமரிக்கப்படும் ஜீப்புகளின் அச்சிலும் பட்டையிலும்தான்.

பாரம் தாங்கும், நிற்குமா?

இனிப் பின்சீட்டுக்கு வருவோம். விடியற்காலையில் பள்ளத்தாக்கின் ஊர்களில் ஜீப்புகள் தெருத்தெருவாக நின்று ஆள் ஏற்றுகின்றன. தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாக வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருநாள் ஒரு வண்டியில் பதினாறு பேரை எண்ணினேன். கடைசியாக வந்த பெண்ணுக்கு இடமில்லை. “ஏத்தா, கொஞ்சம் ஒதுங்குங்க, ஒரு ஆளுதானே” என்று ஓட்டுநர் சொல்ல, பதினேழாவது ஆளும் ஏறினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்று ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

இங்கேதான் அந்தக் கூடுதல் பட்டையின் பொருள் முழுதாக விளங்குகிறது. பட்டை கூட்டினால் வண்டி அதிகப் பாரத்தைத் தாங்கும். தாங்கும் பாரத்தை நிறுத்துவது பிரேக்கின் வேலை. பிரேக் டிரம்மின் அளவு கம்பெனி கொடுத்த அளவுதான். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போடிமெட்டுக்கும் போடிக்கும் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர வேறுபாடு. நடுவே 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பும் ஆட்களும் சேர்ந்து 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால், மாலையில் இறங்கும்போது அந்த எடை இழக்கும் ஆற்றல், சுமார் 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்துக்குச் சமம். எஞ்சினும் டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு பிரேக் டிரம்களின் தலையில். கூடுதலாக ஏறிய ஐந்து பேர் இன்னும் எட்டு லிட்டருக்கான வெப்பத்தைச் சேர்க்கிறார்கள். சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும். மிதி கீழே போகும், வண்டி நிற்காது.

ஓட்டுநர்களுக்கு இது தெரியும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலையோட்டிகளின் பாலபாடம். எஞ்சினைக்கொண்டு வண்டியைப் பிடித்தால் பிரேக் அவ்வளவாகச் சூடேறாது. ஆனால் மாலையில் ஓட்டுநர் களைத்திருக்கிறார், மேகம் சாலையில் இறங்கியிருக்கிறது, காலையில் ஏற்றிய அதே பாரம் பின்னால் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் மேஸ்திரி கிளம்பும்போது என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை: “பட்டையக் கூட்டிக் குடுன்னு கேக்குறாக, கூட்டிக் குடுக்குறேன். பாரம் தாங்கும். தாங்குற வண்டி நிக்கணும்ல தம்பி?” ஆபத்தைத் துல்லியமாக அறிந்த மனிதர் அவர். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

சட்டத்தின் கண்ணில்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கட்டணத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு பெர்மிட் வேண்டும். எல்லை தாண்டினால் அடுத்த மாநிலத்துக்கும் வரி வேண்டும். சொந்த உபயோகம் என்று பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை மீறல் என்று வாதாட வழி கிடைக்கிறது. நெரிசலில் போனவர், இழப்பீட்டுக்கும் நீதிமன்றப் படியில் காத்திருக்க நேர்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கென்று 1951இல் வந்த சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் பற்றிப் பேசியது. தோட்டத்து லயத்திலேயே குடியிருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. காலையில் ஒரு மாநிலத்தில் விழித்து, பகலில் இன்னொரு மாநிலத்தில் உழைத்து, இரவில் வீடு திரும்பும் பெண்ணை அது எதிர்பார்க்கவில்லை. ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலை விபத்தாகவே கொள்கிறது. அந்த வரி மெட்டுச் சாலைக்கு வந்து சேர வேண்டும். ஜீப் பயணம் வேலையின் ஒரு பகுதி என்றால், அதன் பாதுகாப்பு தோட்ட உரிமையாளரின் பொறுப்பும் ஆகிறது.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை இல்லை. இரு மாநிலங்களும் பேசி, தொழிலாளர் வண்டிக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரே பெர்மிட் தரலாம். காய் எடுப்புக் காலத்திலாவது விடியற்காலையிலும் மாலையிலும் மெட்டுவரை சிறு பேருந்துகள் விடலாம். எஃப்.சி. சோதனையில் பிரேக்கையும், பட்டை எண்ணிக்கையையும், பெஞ்சு பூட்டிய விதத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்தச் சோதனைக்கு விதி எழுதும்போது பட்டறை மேஸ்திரிகளை அழைத்து உட்காரவைத்துக் கேட்கலாம். படிக்காமல் பழகிக் கற்ற தொழிலுக்குச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தேனி, போடி, கம்பம் பட்டறைத் தெருக்களுக்கு அதை முறையாகக் கொண்டுவந்தால், அந்த இரு இளைஞர்களின் ஐந்து வருடம் காகிதத்திலும் ஏறும். சாலையில் தனக்கு ஒரு பெயரும் பொறுப்பும் இருக்கிறது என்று அறிந்த தொழிலாளி, கேட்டதைக் கட்டிக்கொடுப்பதோடு நிற்காமல், கூடாது என்று சொல்லவும் துணிவார்.

பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை 2021இல் வந்துவிட்டது; கமாண்டர்களின் காலம் ஒருநாள் முடியும். புது வண்டி வரும்போது பட்டறையும் அதைக் கற்றுக்கொள்ளும். டிராக்டரிலிருந்து ஜீப்புக்கு வந்த தெரு அது. ஆனால் வண்டி புதிதானாலும் ஏறும் தலைகள் குறையாவிட்டால், புது வண்டிக்கும் யாராவது ஒருவர் பட்டை கூட்டிக்கொண்டுதான் இருப்பார்.

நிலைமை சீராகிவிட்டதா என்று அறிய அறிக்கை எதுவும் தேவைப்படாது. குனிந்து பின்சக்கரத்தின் உள்பக்கம் பார்த்தால் போதும். கம்பெனி வைத்த பட்டைகள் மட்டும் இருந்தால், மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு இடம் கிடைத்துவிட்டது என்று பொருள். கழற்றிய பட்டைகளும் வீணாகாது. ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளுக்கு இந்தப் பக்கம் எப்போதும் நல்ல கிராக்கி உண்டு.